கடைமடைக்காரன்ட்ட கையெழுத்து வாங்கு

வா தம்பி, உக்காரு. 2047ல இந்தியா எப்படி இருக்கணும்னு யோசனை எழுதி அனுப்பினியாமே? ஒங்கம்மா சொல்லுச்சு. விக்சித் பாரத்னு பேரு வெச்சு, 2023 டிசம்பர்ல இளவட்டப் புள்ளைங்ககிட்ட யோசனை கேக்க ஆரம்பிச்சாங்களே, அதானே? நல்லது. கேக்கறப்ப சொல்லிடணும். அப்பறம் கேக்க மாட்டாங்க.

நானும் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. 2047க்கு யோசனை சொன்ன புள்ளை, இந்த வருஷம் நம்ம வாய்க்கால்ல தண்ணி என்னைக்கு வந்துச்சுன்னு சொல்லு பாப்போம்?

தெரியாது. முழிக்கற முழியிலேயே தெரியுது. சரி, விடு. திட்டம் போட்டவங்களுக்கே தெரியாது, ஒனக்கு எப்படித் தெரியும்?

திட்டம் எனக்குப் புதுசு இல்லடா. பொறந்ததுலேந்து ஏதாவது ஒரு திட்டத்துக்கு நடுவுலதான் கெடக்கேன். 1946ல பாரீசுல ழான் மொன்னேன்னு ஒரு மனுஷன் பிரான்சு தேசத்துக்கே திட்டம் போட்டாரு. அப்ப நம்ம காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில. 1739ல தஞ்சாவூர் மராட்டிய ராசாகிட்டேந்து வாங்கினது. அப்பறம் 1950ல டெல்லியில திட்டக் கமிஷன் வெச்சாங்க, 1951ல மொதல் ஐந்தாண்டுத் திட்டம். அது பாதி ஓடின பின்னாடிதான், 1954 நவம்பர் 1ந் தேதி நாம இந்தியாவோட வந்து சேந்தோம். காயிதத்துல சேர 1962 ஆகஸ்ட்டு ஆச்சு. பாரீசுக்குக் கடைமடையா இருந்தவங்க டெல்லிக்குக் கடைமடை ஆனோம். நடுவுல பாண்டிச்சேரி ஒரு மதகு. ஒரு பைலு நவுரணும்னா கடலூர் தாண்டி நூத்துமுப்பது கிலோமீட்டர் போய்ட்டு வரணும். பைலுக்கு என்ன, நமக்குத்தான் இடுப்பு வலி.

ஐந்தாண்டுத் திட்டம் பன்னெண்டு போட்டாங்க. நடுவுல 1966லேந்து 69 வரைக்கும் திட்டத்துக்கே லீவு விட்டாங்க, தெரியுமா? நெசமாத்தான் சொல்றேன். சண்டை, பஞ்சம்னு கையில காசில்ல. அந்த மூணு வருஷமும் நாங்க நாத்து விட்டோம், நட்டோம், அறுத்தோம். 2014 ஆகஸ்ட்டுல செங்கோட்டையில நின்னு கமிஷனையே கலைக்கப் போறதாச் சொன்னாங்க. 2015 சனவரி 1ந் தேதி நிதி ஆயோக் பொறந்துச்சு.

இப்ப பாரு சூட்சுமத்தை. அஞ்சு வருஷத் திட்டம்னா, முடியறப்ப போட்டவன் உசுரோட இருப்பான், என்னடா ஆச்சுன்னு கேக்க நானும் இருப்பேன். 2047ன்னு சொல்லிட்டா? போட்டவரு இருக்க மாட்டாரு, கேக்க நானும் இருக்க மாட்டேன். இதைவிடப் பத்திரமான திட்டம் உலகத்துல உண்டாங்கறேன்?

அதுவும் பத்தலைன்னு 17 இலக்கு வேற இருக்கு. 2015ல ஐ.நா. சபையில எல்லா தேசமும் சேந்து ஒத்துக்கிட்டது. 17க்குள்ள 169 குட்டி இலக்கு. 2030க்குள்ள முடிக்கணும். கலர் கலரா வட்டமா ஒரு பேட்ஜு இருக்கும், பாத்துருப்பே. பெரிய மனுஷங்க கோட்டுல குத்திக்கிட்டு வருவாங்க. அழகாத்தான் இருக்கு. பட்டியலைப் படிச்சுப் பாத்தேன். வறுமை இருக்கக் கூடாது, பசி இருக்கக் கூடாது, நல்ல தண்ணி வேணும், கடலுக்குள்ள மீனு நல்லா இருக்கணும். எங்காத்தா படிக்காமலே இதை எல்லாம் ஒரே மூச்சுல சொல்லும், சாமி கும்புடறப்ப.

அந்த இலக்கை வெச்சு நிதி ஆயோக் 2018லேந்து மார்க்கு போடுது. ஒவ்வொரு மாநிலத்துக்கும், யூனியன் பிரதேசத்துக்கும் மார்க்கு. பாண்டிச்சேரிக்கும் ஒண்ணு. அந்த ஒரு மார்க்குலதான் நாம இருக்கோம், பாண்டி இருக்கு, கேரளாக்கரை மாஹி இருக்கு, ஆந்திரா பக்கம் ஏனாமும் இருக்கு. ரெண்டு கடல், மூணு பாஷை, ஒரே மார்க்கு! அந்த மார்க்குல நெடுங்காடு எவ்வளவு, நிரவி எவ்வளவு, திருமலைராயன்பட்டினம் எவ்வளவுன்னு கேட்டுப் பாரு. அதெல்லாம் டேஷ்போர்டுல வராதும்பான்.

இலக்கெல்லாம் தனித்தனியா நின்னா நல்ல புள்ளைங்கதான். ஒரே ஊருல வந்து நின்னாத்தான் வம்பு. வாஞ்சூரைப் பாரு. 2009ல துறைமுகம் தொறந்தாங்க. 8ம் நம்பர் வளர்ச்சிக்கு ஒரே சந்தோசம். கப்பல் கப்பலா நிலக்கரி வந்து எறங்குச்சு. பக்கத்துல நாகூர். தூசி தாங்கலைன்னு ஜனம் ரோட்டுல வந்து நின்னுச்சு, கோர்ட்டுக்கும் போச்சு. அது 3ம் நம்பர், நலவாழ்வு. மீன்பிடிக்கறவன் வலையை எங்க விரிக்கறதுன்னு கேட்டா அது 14ம் நம்பர். துறைமுகமே வேணாம்னு நான் சொல்லலை. லாரி ஓட்டறவன் நம்ம புள்ளைதான், அவன் வீட்டுலயும் அடுப்பு எரியணும். எந்த நம்பரு எந்த நம்பருக்கு வழிவிடணும்னு முன்னாடியே பேசித் தீக்கறதுக்குத்தானே திட்டம்? அந்தப் பக்கத்தை மட்டும் எல்லாரும் எழுதாம விட்டுடறாங்க. எழுதினா சண்டை வரும்ல?

நம்ம ஊரு அம்மையார் கதை ஞாபகம் இருக்கா? ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவுல மொட்டை மாடியிலேந்து மாம்பழம் எறியறப்ப நீயும் ஓடிப் புடிச்சவன்தானே. வீட்டுக்காரன் பரமதத்தன் ரெண்டு மாம்பழம் குடுத்து அனுப்பினான். புனிதவதியம்மா ஒண்ணைச் சிவனடியாருக்குப் படைச்சுட்டாங்க. வீட்டுக்காரன் ஒண்ணைத் தின்னுட்டு, ருசியா இருக்கு, இன்னொண்ணையும் கொண்டான்னான். அம்மா கையேந்துச்சு, சாமி குடுத்துச்சு. திட்டம் எழுதறவங்க கணக்கும் இதேதான். ஒரே நெலத்தை 12ம் பக்கத்துல வெள்ளாமைக்கு எழுதுவான். 40ம் பக்கத்துல மனைக்கும் ஆலைக்கும் எழுதுவான். வாய்க்காத் தண்ணிக்கும் அதே கதி. ரெண்டாவது மாம்பழம் வானத்துலேந்து வரும்னு நம்பிக்கை. அம்மையாருக்கு வந்துச்சு. அந்தம்மா தவம் என்ன, இவங்க பவர்பாயிண்ட் என்ன?

நெலத்தைப் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். 2020 பிப்ரவரியில தமிழ்நாட்டுல சட்டம் போட்டாங்க, டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு. தஞ்சாவூரு, திருவாரூரு, நாகப்பட்டினம், கூடவே கடலூரு, புதுக்கோட்டையில கொஞ்சம். நல்ல சட்டம். ஆனா அது சென்னையில போட்டது, நாம பாண்டிச்சேரி. வரைபடத்தை எடுத்துப் பாரு. நம்மைச் சுத்தி முழுக்க மண்டலம், நடுவுல காரைக்கால் அளவுக்கு ஓட்டை. பூமிக்கு அடியில ஓடற கேசுக்கும் எண்ணெய்க்கும் எல்லைக்கல் தெரியுமா? மேல பாயற தண்ணிக்குத் தெரியுமா?

பணக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஜிஎஸ்டி கட்டறப்ப நாம மாநிலம் மாதிரி. நிதிக் கமிஷன்ல பங்கு கேக்கப் போனா, நீ யூனியன் பிரதேசம், ஒனக்கு இங்க எலை இல்லைங்கறான். மொய் எழுதறப்ப மட்டும் சொந்தக்காரன். எந்தக் கட்சி வந்தாலும் பாண்டிச்சேரியில இதே பாட்டுத்தான். அதுல மட்டும் அவங்களுக்குள்ள சண்டையே கெடையாது.

2021ல தேர்தல் வந்துச்சு. பாண்டிச்சேரியைப் பெஸ்ட் ஆக்கறோம்னு டெல்லியிலேந்து வந்து சொன்னாங்க. பிசினஸ், எஜுகேஷன், ஸ்பிரிச்சுவாலிட்டி, டூரிசம். நாலு எழுத்து. எனக்கு இங்கிலீசு அரைகொறை. எழுத்துக்கூட்டிக்கூட்டித் தேடினேன். நெல்லுக்கு எழுத்து எங்கடா? மீனுக்கு எங்க? காரைக்கால்ல பொழைக்கற பாதிப் பேரு அந்த நாலு எழுத்துக்கு வெளியில நிக்கறான். டூரிசத்துல போட்டு வெச்சுருப்பாங்களோ என்னமோ, நான் நடவு நடறதைப் பாக்க வெளியூர்க்காரன் டிக்கெட்டு வாங்கி வருவான்னு!

அரிசிக் கதையைக் கேட்டா சிரிப்பே. 2015 செப்டம்பர்ல சோதனையா ஒரு திட்டம் கொண்டாந்தாங்க. சண்டிகர்லயும் பாண்டிச்சேரியிலயும் ரேஷன் அரிசிக்குப் பதிலா வங்கிக் கணக்குல பணம். கசிவு இருக்காதாம், ஒழுகாதாம். அப்பறம் மாநிலம் குடுத்த இலவச அரிசியும் பணமாச்சு. செவப்பு அட்டை, மஞ்ச அட்டை எல்லாம் பரண்ல போச்சு. கடை பூட்டிக் கெடந்துச்சு, கடையில வேலை பாத்தவன் சம்பளம் கேட்டு ரோட்டுல உக்காந்தான். நெல்லு வெளையற சீமையில, அரிசி கேட்ட கெழவிக்கு செல்லுல குறுஞ்செய்தி வருது. அதை அவிச்சா தின்ன முடியும்? கெழவிக்கு அதைப் படிக்கவும் தெரியாது. பேரன்ட்ட குடுத்தா, அவன் அந்தப் பணத்துக்கு ரீசார்ஜ் போட்டுட்டு வரான். கடைசியில 2024 தீபாவளிக்குக் கடையைத் திரும்பத் தொறந்தாங்க, அரிசி போட்டாங்க. ஜனம் கும்பிட்டுச்சு. பூட்டினதும் திட்டம், தொறந்ததும் திட்டம். ரெண்டுக்கும் மால மரியாதை.

பேரளம் ரயிலும் அப்படித்தான். பிரெஞ்சுக்காரன் காலத்துலயே, 1898ல, பேரளத்துலேந்து காரைக்காலுக்கு ரயில் ஓடுச்சு. மீட்டர் கேஜு. அதுல ஏறித்தான் எங்கப்பாரு மாயவரம் போவாரு. 1980கள்ல நட்டம்னு நிறுத்தினாங்க. தண்டவாளத்தையும் பேத்துக்கிட்டுப் போனாங்க. அதே தடத்துல அதே ரயிலைக் கேட்டு ரெண்டு தலைமொறை மனு எழுதுச்சு. அகலப்பாதை போட்டு 2025லதான் சோதனை ரயில் ஓட்டினாங்க. தூரம் 23 கிலோமீட்டர்டா! பஸ்சுல குந்தி ஒரு தூக்கம் போட்டா வந்துரும். இருந்ததைத் தொலைச்சுட்டுத் திரும்ப வாங்கறதுக்கும் வளர்ச்சின்னுதான் பேரு வெச்சுருக்கு.

விமான நிலையத்தை விட்டுட்டேனே. காரைக்காலுக்கு விமான நிலையம் உண்டு. எங்கன்னு கேக்காத. கொள்கை அளவுல இருக்கு. டெல்லிக்காரங்க வெச்சுருக்கற பட்டியல்ல, கொள்கை அளவுல ஒப்புதல் குடுத்த புது விமான நிலையம்னு நம்ம பேரு வருஷக்கணக்கா நிக்குது. இலங்கைக்குக் கப்பலும் அப்படித்தான். காரைக்கால்லேந்து காங்கேசன்துறைக்குன்னு மொதல்ல பேச்சு. 2023 அக்டோபர்ல கப்பல் கெளம்பிருச்சு, நாகப்பட்டினத்துலேந்து. நாம கரையில நின்னு கையாட்டினோம்.

இதைக் கேட்டுட்டு, கெழவன் திட்டமே வேணாங்கறான்னு போய்ச் சொல்லிடாத. வேணும். 2004 டிசம்பர் 26ந் தேதியை மறக்க முடியுமா? காலையில சுமத்ராவுல பூமி ஆடுச்சு. அலை நம்ம கரைக்கு வர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அந்த ரெண்டு மணி நேரத்துல கிளிஞ்சல்மேட்டுக்கோ பட்டினச்சேரிக்கோ ஒருத்தன் சொல்லலை. சொல்றதுக்கு ஆளு இல்ல, சொல்ற ஏற்பாடே இல்ல. அதுக்கப்பறம் 2007ல ஐதராபாத்துல சுனாமி எச்சரிக்கை நெலையம் வெச்சாங்க. 2018ல கஜா புயல் வர்றப்ப, எப்ப வருது, எங்க கரையேறுதுன்னு முன்கூட்டியே சொன்னாங்க, ஜனத்தைக் கூட்டிக்கிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல தங்க வெச்சாங்க. மரம் போச்சு, கூரை போச்சு. ஆளுங்க பெருசாத் தப்பிச்சாங்க. அது திட்டம். அலை வர்ற நேரத்தைக் கடைசிக் குப்பத்துல இருக்கறவன் காதுல போட்டாங்களா இல்லையா? அவ்வளவுதான் கேள்வி.

நாள் தப்பாத திட்டம் இன்னொண்ணு நம்ம கிட்டயே இருக்கு. திருநள்ளாறு. ரெண்டரை வருஷத்துக்கு ஒருக்கா சனிப்பெயர்ச்சி. 2023 டிசம்பர் 20ன்னா அன்னைக்குத்தான். ஒரு நாள் தள்ளிப்போடு பாப்போம்? அதுக்கு முன்னாடி ரோடு தானா தாரு பூசிக்கும், தெருவிளக்கு எரியும், நளதீர்த்தத்துல தண்ணி மாத்துவாங்க, எந்த வண்டி எங்க நிக்கணும்னு வரைபடம் வந்துரும். திருக்கணிதப் பஞ்சாங்கக்காரங்க 2025 மார்ச்சுலயே பெயர்ச்சின்னாங்க. கோயில் நிர்வாகம் தெளிவாச் சொல்லிருச்சு, எங்களுக்கு வாக்கியப் பஞ்சாங்கம், பெயர்ச்சி 2026லதான்னு. எந்தக் கணக்குல எண்றோம்னு வெளிப்படையாச் சொன்னாங்களா இல்லையா? பயப்பட ஒரு சாமி இருந்தா நம்ம ஆளுங்க நாள் தவற மாட்டாங்க. வாய்க்காலுக்குத்தான் சாமி இல்லாமப் போச்சு.

வாய்க்காலுக்கு வரேன். மொதல்லயே கேட்டேன்ல, அதான் விஷயம். மேட்டூரை வழக்கமா ஜூன் 12ந் தேதி தொறக்கணும். தண்ணி கல்லணை தாண்டி, கும்பகோணம் தாண்டி, அரசலாறு, நாட்டாறு, நூலாறு, வாஞ்சியாறு, திருமலைராஜனாறுன்னு நம்ம பக்கம் வரணும். காவிரி நடுவர் மன்றம் 1990ல வெச்சு, 2007ல தீர்ப்பு சொல்லுச்சு. நமக்கு ஏழு டிஎம்சி. 2018ல உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்குக் கொறைச்சு, கர்நாடகாவுக்கு ஏத்துச்சு. நமக்கு அதே ஏழுதான். காயிதத்துல இன்னைக்கும் ஈரமா இருக்கு அந்த ஏழு. வயல்லதான் வெடிப்பு.

ஏன்னு கேளு. மே மாசக் கடைசியில, சில வருஷம் தண்ணி தொறந்த பின்னாடி, தூர்வாரறதுக்குப் பொக்லைன் வரும். நான் கரையில குந்திப் பாத்துருக்கேன். நெய்வேலிக் காட்டாமணக்கை மேலாக்க ஒடிக்கும். வேரு உள்ளதான் கெடக்கும். ஆகாயத்தாமரையை ஓரமா ஒதுக்கும். அள்ளின சேத்தைத் தூரமாக் கொண்டுபோவ வண்டி வாடகை ஆவுமே? கரை மேலேயே கொட்டிட்டுப் போயிரும். மொத மழைக்கு அத்தனையும் வழுக்கிக்கிட்டு திரும்ப உள்ள எறங்கும். பக்கத்துல தகரப் பலகை ஒண்ணு நட்டுருப்பான். வேலையோட பேரு, நீளம், தொகை எல்லாம் கொட்டை எழுத்துல இருக்கும். நான் பாத்த வரைக்கும் வாய்க்காலைவிடப் பலகைக் காலுக்குத் தோண்டின குழிதான் ஆழம். தலைமடையில இருக்கறவனுக்கு அப்பவும் பாயும். மேட்டுல ரெண்டு கரையும் நெனைஞ்சாலே அவன் மடைக்கு ஏறிரும். நம்ம மதகுல ஷட்டரைத் தூக்க லஸ்கரு நிப்பாரு. அவரு என்ன பண்ணுவாரு பாவம், தூக்கினா காத்துதான் வருது.

டச்சுக்காரன் தெரியுமா? நம்ம பக்கத்து நாகப்பட்டினத்துல 1658லேந்து 1781 வரைக்கும் கோட்டை கட்டிக் குந்திருந்தானே, அவன்தான். அவன் தேசமும் கடைமடைதான். ரைன் ஆத்துக்கு வால்பக்கம், கால்வாசி நெலம் கடல்மட்டத்துக்குக் கீழ. 1953ல கடல் உள்ள வந்து ஆயிரத்தெண்ணூறு பேருக்கு மேல அடிச்சுக்கிட்டுப் போச்சு. அதுக்கப்பறம்தான் பெரிய பெரிய அடைப்பு எல்லாம் கட்டினான். அதைக் காட்டித்தான் நம்ம ஆளுங்க போட்டோ புடிச்சுக்கிட்டு வருவாங்க. அவங்க பாக்காத ஒண்ணு இருக்கு. அங்க தண்ணி வாரியம்னு வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கு. பதிமூணாம் நூத்தாண்டுலேந்து இருக்கு. ஜனமே ஓட்டுப் போட்டு ஆளு வெக்கும், தனியா வரி கட்டும், கரையை, வாய்க்காலை அதுதான் பாத்துக்கும். நம்ம தாத்தன் பூட்டன் பண்ணின குடிமராமத்துதான்டா அது! வீட்டுக்கு ஒரு ஆளு, மம்பட்டியோட வரணும். வராதவன் காசு குடுக்கணும். இன்ன தேதின்னா இன்ன தேதி. அவன் அதை விடாம வெச்சுக்கிட்டான். நாம அதைப் புத்தகத்துல படிச்சுட்டு, 2017 வாக்குல தமிழ்நாட்டுல திரும்ப ஒரு திட்டமாக் கொண்டாந்தோம். பேரு மட்டும் அதே பேரு.

ஒனக்கு யோசனை வேணும்னா இதை எழுதி அனுப்பு. எந்த வேலைக்கும் பில்லு பாஸ் ஆவறதுக்கு முன்னாடி, அந்த வேலையோட கடைசி நுனியில இருக்கறவன்ட்ட ஒரு கையெழுத்து வாங்கணும். வாய்க்கான்னா கடைசி மடைக்காரன். ரேஷன்னா கடைசித் தெருக் கெழவி. ஆஸ்பத்திரின்னா ராத்திரி ரெண்டு மணிக்குப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு வர்றவ. வந்துச்சா, வரலையா? ரெண்டே கட்டம். 169 எதுக்கு?

ஒன் யோசனையை அவங்க எடுத்துக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும். ஆனா கருத்துக் கேட்புக் கூட்டம்னு ஒண்ணு போடுவாங்க. கல்யாண மண்டபத்துல ஏசி ஓடும். ஒன்னைக் கூப்பிட்டா போ. மூணு மணி நேரம் 2047ஐப் பத்திப் பேசுவாங்க, கேட்டுக்க. முடிஞ்சதும் எழுந்து ஒண்ணே ஒண்ணு கேளு. அரசலாத்துக் கிளை வாய்க்காலை எந்தத் தேதிக்குள்ள தூர்வாரி முடிப்பீங்க, சேத்தை எங்க கொட்டுவீங்க? தேதி சொன்னா எழுதி வாங்கு. சொல்லலைன்னா, வாசல்ல வடையும் டீயும் வெச்சு, வருகைப் பதிவேடுன்னு ஒரு நோட்டை நீட்டுவான். அதுல விழற கையெழுத்தைத்தான் அவன் மக்கள் சம்மதம்னு டெல்லிக்கு எழுதுவான். அதுல மட்டும் கையெழுத்துப் போட்டுடாத. வடையைத் தின்னுட்டு வந்துரு.